கல்யாண ஆல்பம் வேலைக்கு ஏற்ற கம்ப்யூட்டரும் மானிட்டரும்: வாங்குவதிலிருந்து கேலிபரேஷன் வரை

திரையில் பளிச்சென்று இருந்த படம், லேபிலிருந்து ஆல்பமாக வரும்போது கறுத்துப்போய் நிற்கிறது. மணமகளின் அரக்குப் புடவை செங்கல் நிறமாகிவிட்டது, முகத்தில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. பழி லேபின் மேல் விழும். ஆனால் தவறு பெரும்பாலும் எடிட்டிங் மேசையிலேயே நடந்திருக்கும். மானிட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 250 முதல் 350 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து எடிட் செய்பவரின் கண்ணுக்கு எல்லாப் படமும் வெளிச்சமாகவே தெரியும். அவரும் இறக்கிக்கொண்டே போவார். காகிதத்துக்குத் தனியாக வெளிச்சம் கிடையாது. இறக்கியது இறக்கியபடியே அச்சாகிவிடும்.

புதிதாக செட் வாங்கப் போகிறவர்கள் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்சக் காசுக்கு ஒரு மானிட்டரை எடுக்கிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மெதுவான கம்ப்யூட்டர் நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். தப்பான மானிட்டர் முடித்துக் கொடுத்த வேலையையே கெடுக்கும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது மானிட்டருக்கும், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிபரேஷன் கருவிக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் கம்ப்யூட்டரைத் திட்டமிடுங்கள்.

வேலையின் எடை எவ்வளவு

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 12×36 அங்குல ஆல்பம் ஷீட் ஒன்றை 300 டிபிஐயில் திறந்தால் 10,800 × 3,600 பிக்சல், அதாவது ஏறக்குறைய 3.9 கோடி பிக்சல். 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கு மட்டும் சுமார் 117 எம்பி. 16 பிட் என்றால் அதன் இரண்டு மடங்கு. பின்னணி, படங்கள், நிழல், எழுத்து என்று முழு அளவில் 15 லேயர் ஏறினால் 8 பிட்டிலேயே 1.7 ஜிபியைத் தாண்டும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலுக்கு உச்ச வரம்பு 2 ஜிபி. அதற்கு மேல் போனால் பிஎஸ்பி வடிவத்தில்தான் சேமிக்க முடியும். இப்படி மூன்று ஷீட்டை ஒரே நேரத்தில் திறந்து வைத்து, பின்னால் லைட்ரூமும் பிரௌசரும் ஓடினால் 16 ஜிபி ராம் திணறுவதில் ஆச்சரியமில்லை.

அடுத்து ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் பட ஃபைல். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா, சுருக்கும் முறையைப் பொறுத்து 25 முதல் 50 எம்பி வரை வரும். படத்துக்கு 30 எம்பி என்று வைத்தாலும் 3,000 படத்துக்கு 90 ஜிபி. ரிசப்ஷனும் முகூர்த்தமுமாக இரண்டு கேமராவில் 6,000 படம் எடுத்தால் 180 ஜிபி. ஒரு சீசனுக்கு எத்தனை கல்யாணம் என்று பெருக்கிப் பாருங்கள். டிஸ்க் எவ்வளவு வாங்க வேண்டும் என்பதற்கு அந்த எண்தான் விடை.

மானிட்டர்: முதலில் பேனல்

பேனல் என்பது மானிட்டரின் திரைத் தகடு. அதில் ஐபிஎஸ் வகையை மட்டும் பாருங்கள். டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே நிறம் மாறும். விஏ பேனலில் கறுப்பு ஆழமாகத் தெரியும், காண்ட்ராஸ்ட் 3000:1 வரை வரும்; ஆனால் நேர்ப் பார்வையிலிருந்து விலகினால் நிழல் பகுதியின் அடர்த்தி மாறும். திரையின் நடுவில் ஒரு விதமாகவும் ஓரத்தில் வேறு விதமாகவும் தெரிகிற நிழலை நம்பி மணமகனின் கறுப்புக் கோட்டில் விவரம் கொண்டுவர முடியாது. வளைந்த மானிட்டரும் இந்த வேலைக்கு ஒத்துவராது, ஷீட்டில் கோடு நேராக இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும். ஓலெட் அழகுதான். ஆனால் போட்டோஷாப்பின் கருவிப்பட்டை நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் திரையில் தழும்பு விழும் அபாயம் இருக்கிறது.

சாதாரண ஐபிஎஸ்ஸின் காண்ட்ராஸ்ட் 1000:1. ஐபிஎஸ் பிளாக் என்று வருபவை 2000:1. அச்சு வேலைக்கு 1000:1 போதும். பெட்டியில் கோடிக்கணக்கில் அச்சடித்திருக்கும் டைனமிக் காண்ட்ராஸ்ட் எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள்; படத்துக்குப் படம் பின்விளக்கைக் கூட்டிக் குறைத்து வாங்கும் எண் அது. எடிட்டிங் நேரத்தில் அந்த வசதியை அணைத்தே வைக்க வேண்டும். கேமிங் மானிட்டரின் 144 ஹெர்ட்ஸுக்கும் இங்கே வேலையில்லை, அந்தப் பணத்தை நிறத்தில் போடுங்கள்.

அளவும் ரெசல்யூஷனும் சேர்ந்தே பார்க்க வேண்டியவை. 24 அங்குலத்தில் 1920×1200 என்றால் அங்குலத்துக்கு 94 பிக்சல். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் 109. அதே 27 அங்குலத்தில் 4கே என்றால் 163. ஆல்பம் வேலைக்கு 27 அங்குல 2560×1440 மிக நிம்மதியான தேர்வு: எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங் தேவைப்படாது, கிராபிக்ஸ் கார்டின் மேல் பாரமும் குறைவு. 4கே திரையில் 2.25 மடங்கு அதிக பிக்சலை நிரப்ப வேண்டியிருப்பதால் லைட்ரூமில் ஸ்லைடரை இழுக்கும்போது தயக்கம் தெரியும். 4கேயில் இன்னொரு விஷயமும் உண்டு. பிக்சல் அவ்வளவு பொடியாக இருப்பதால் லேசாக ஃபோகஸ் தப்பிய படமும் கூர்மையாகவே தோன்றும். 4கே வாங்கினால் ஃபோகஸ் பார்க்க 200 சதவீதத்துக்குப் போகும் பழக்கம் வேண்டும். 32 அங்குலத்துக்கு மேசை ஆழம் 75 செ.மீ.யாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மூலையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டிவரும்.

நிற எல்லை: பட்டுப்புடவை சொல்லும் பாடம்

இணையம், போன், பெரும்பாலான லேப்கள் எல்லாம் எஸ்ஆர்ஜிபி நிற வெளியில் (வரையறுத்த நிறங்களின் தொகுப்பில்) நடக்கின்றன. 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து அன்றைய பிக்சர் டியூப் மானிட்டர்களை ஒட்டி வகுத்தது அது. 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி, பச்சை, நீலப்பச்சைப் பக்கம் இன்னும் தூரம் விரிந்தது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் பட்டுப்புடவையைவிட நல்ல உதாரணம் இல்லை. நல்ல வெளிச்சத்தில் எடுத்த மயில்கழுத்து நிறப் புடவையின் அடர்ந்த பகுதிகள் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே போய்விடும். வாடாமல்லி நிறத்திலும் ஒரு சேனல் உச்சத்தில் முட்டி நிற்கும். முட்டிய இடத்தில் மடிப்பும் இழையும் தெரியாது, சாயம் பூசிய தகடு மாதிரி இருக்கும். ரா ஃபைலில் அந்த விவரம் இருக்கும், திரைதான் காட்டாது.

அப்படியானால் அடோபி ஆர்ஜிபி மானிட்டர்தான் வாங்க வேண்டுமா? லேபுக்கு எஸ்ஆர்ஜிபி ஜேபெக் மட்டும் அனுப்புகிறவருக்குத் தேவையில்லை என்பதே எங்கள் தீர்ப்பு. எஸ்ஆர்ஜிபியை 99 அல்லது 100 சதவீதம் மூடும் நல்ல ஐபிஎஸ் திரையை வாங்கி, அதைக் கேலிபரேட் செய்துகொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக்கின் டெவலப் பகுதியில் எஸ் விசையை அழுத்தினால் சாஃப்ட் ப்ரூஃப் வரும், அதாவது அச்சில் எப்படி இருக்கும் என்ற முன்னோட்டம். நிறம் எங்கே எல்லை தாண்டுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அந்த நிறத்தின் சாச்சுரேஷனை மட்டும் கொஞ்சம் இறக்கினால் மடிப்புகள் திரும்பி வரும். பல மை நிரப்பும் இங்க்ஜெட் பிரிண்டரை வீட்டில் வைத்து ஃபைன் ஆர்ட் பேப்பரில் அச்சிடுகிறவர், விளம்பரத்துக்கோ புத்தகத்துக்கோ வேலை செய்கிறவர், இவர்களுக்குத்தான் அகன்ற நிற எல்லை பலன் தரும்.

அகன்ற எல்லைத் திரையில் ஒரு பொறியும் இருக்கிறது. கலர் மேனேஜ்மென்ட் தெரியாத மென்பொருளில் எல்லா நிறமும் மிகையாகத் தெரியும், முகமெல்லாம் சிவந்துபோகும். அதற்காக மானிட்டரில் எஸ்ஆர்ஜிபி மோட் கொடுத்திருப்பார்கள். சில மாடல்களில் அந்த மோடுக்குப் போனால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி பூட்டிக்கொள்ளும். வாங்கும் முன் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

ஸ்பெக் தாளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். 72 சதவீத என்டிஎஸ்சி (பழைய டிவி நிற அளவுகோல்) என்பது பரப்பளவில் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம். 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அது அலுவலகக் கணக்கு வேலைக்கான திரை. 125 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று பெருமையாக எழுதியிருந்தால், அது பரப்பளவை மட்டும் சொல்கிறது. எஸ்ஆர்ஜிபியின் எவ்வளவு பகுதியை மூடுகிறது என்பதைச் சொல்லவில்லை. டெல்டா ஈ (காட்ட வேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள வித்தியாசம்) 2க்குக் கீழ் என்பது நல்ல அடையாளம், பெட்டிக்குள் அந்தத் திரைக்கான பரிசோதனைத் தாளும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அது தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட மோடில் அளந்த எண். மோடை மாற்றினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

எடுத்துக்காட்டாகச் சில மாடல்கள்: குறைந்த செலவில் ஏசஸ் புரோஆர்ட் பிஏ248கியூவி, பிஏ278கியூவி. நடுவில் டெல் அல்ட்ராஷார்ப் யூ2723கியூஇ. அகன்ற எல்லையும் மானிட்டருக்குள்ளேயே கேலிபரேஷனும் வேண்டுமென்றால் பென்க்யூ எஸ்டபிள்யூ272யூ, எய்சோ கலர்எட்ஜ் சிஎஸ்2740. இந்த எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், எந்த வரிசை என்பதை நினைவில் வைத்தால் போதும். மானிட்டருக்குள் கேலிபரேட் செய்வதன் பலன் என்னவென்றால், திருத்தம் திரையின் சொந்த அட்டவணையில் எழுதப்படுகிறது. சாதாரண முறையில் கிராபிக்ஸ் கார்டிலிருந்து வரும் 256 படிகளிலேயே சிலவற்றை வெட்டித் திருத்த வேண்டியிருப்பதால், மாலை வானம் போன்ற மெல்லிய நிற மாற்றத்தில் பட்டை பட்டையாகத் தெரிய வாய்ப்பு உண்டு.

வந்ததும் செய்யும் சோதனை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, முழுத் திரையிலும் கறுப்பைக் காட்டுங்கள். மூலைகளில் மஞ்சளாக வெளிச்சம் கசிகிறதா? நீங்கள் நகரும்போது அந்த வெளிச்சமும் மாறினால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு. எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்தில் நின்றால் கசிவு. அடுத்து 50 சதவீதச் சாம்பல்: ஒரு பாதி ரோஜா நிறமாகவும் மறுபாதி பச்சையாகவும் தெரிந்தால் அந்தத் திரையை ஏற்காதீர்கள். எந்தக் கேலிபரேஷன் கருவியும் நடுப்பகுதியை மட்டும்தான் அளக்கிறது, இந்தக் கோளாறை அதனால் சரிசெய்ய முடியாது. பிறகு சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை ஒவ்வொன்றாகக் காட்டி எரியாத பிக்சலைத் தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிகளுக்குப் பெரும்பாலும் வாரண்டியில் மாற்றித்தர மாட்டார்கள், ஆனால் திருப்பும் கெடுவுக்குள் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

இனி பெட்டி: பிராசஸர், ராம், கிராபிக்ஸ்

போட்டோஷாப்பின் பெரும்பகுதி ஒற்றைக் கோரின் வேகத்தை நம்பி ஓடுகிறது. லைட்ரூமில் பிரிவியூ கட்டுவதும் எக்ஸ்போர்ட்டும் பல கோர்களைப் பயன்படுத்தும். அதனால் 8 வேகமான கோர் உள்ள பிராசஸரில் இரண்டும் நடக்கும். 16 கோருக்கு மேல் செலவழிப்பது வீடியோ எடிட்டிங்கும் செய்பவருக்கே தகும். ஏஎம்டி ரைசன் 7 9700எக்ஸ் 65 வாட் வகை. ஏசி இல்லாத அறையில் மே மாத வெயிலில் வேலை செய்கிறவருக்கு இந்தக் குறைந்த வாட் பெரிய நிம்மதி. இன்டெல் பக்கம் கோர் அல்ட்ரா 7 265கே நல்லது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் வோல்டேஜ் கோளாறு இருந்தது. அதற்கான திருத்தத்தை 2024இல் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் வழியாகக் கொடுத்தார்கள். அவற்றை வாங்கினால் பயாஸை அப்டேட் செய்த பிறகே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வேறொருவர் கடுமையாக ஓட்டிய செகண்ட் ஹேண்ட் பிராசஸர் வேண்டாம். எஃப் என்று முடியும் இன்டெல் மாடல்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. சீசன் நடுவில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டால் அது இருக்கும் பிராசஸர்தான் வேலையைக் காப்பாற்றும்.

பழைய கம்ப்யூட்டரை மலிவாக வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை.

ராம் 32 ஜிபி. 16 ஜிபி குச்சி இரண்டாக. ஆல்பம் ஷீட் மட்டுமல்லாமல் பனோரமா, 45 மெகாபிக்சலுக்கு மேல் உள்ள கேமரா என்றால் 32 ஜிபி குச்சி இரண்டு. ஒற்றைக் குச்சி வாங்கினால் வேகத்தில் பாதியை இழப்பீர்கள். நான்கு குச்சி போட்டால் டிடிஆர்5 ராம் தன் முழு வேகத்தில் ஓடாமல் இறங்கிவிடும். நாலு ஸ்லாட் போர்டில் பொதுவாக பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்ட வேண்டும். பொருத்தி முடித்ததும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்குங்கள். இதை மறந்துவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். அசெம்பிள் செய்த கடையிலும் இதை விட்டுவிடுவது சாதாரணம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து வேகத்தை நீங்களே பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் நிலைமை மாறியிருக்கிறது. முன்பு போட்டோ வேலைக்கு அது ஓரளவு இருந்தால் போதும் என்போம். 2023இல் லைட்ரூமுக்கு ஏஐ டினாய்ஸ் வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அந்த வேலை முழுக்கக் கார்டில்தான் நடக்கிறது. மண்டபத்தின் மங்கிய விளக்கில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த 200 படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு 15 விநாடி எடுக்கும் கார்டில் 50 நிமிடம். உள்ளமைந்த கிராபிக்ஸில் படத்துக்கு 4 நிமிடம் ஆனால் 13 மணி நேரத்துக்கு மேல். என்விடியா ஆர்டிஎக்ஸ் வரிசையில் 8 ஜிபி நினைவகம் உள்ள 4060 அல்லது 5060 போதும். 4கே மானிட்டரும் பெரிய ஃபைலும் என்றால் 16 ஜிபி உள்ள 5060 டிஐ. அதற்கு மேல் வேண்டாம். டிரைவரில் கேம் ரெடியைத் தவிர்த்து ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள்.

ஆப்பிள் வழியில் போக நினைப்பவருக்கு எம்4 மேக் மினி நல்ல பெட்டி. மின்சாரமும் குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் ராமை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. 24 ஜிபியாவது எடுங்கள். ரா ஃபைல்களை வெளி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்: வேகம் ஓரிடத்தில், கொள்ளளவு வேறிடத்தில்

1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டியில் விண்டோஸ், மென்பொருள், லைட்ரூம் கேட்டலாக், பிரிவியூ. இன்னொரு 2 டிபி என்விஎம்இயில் நடந்துகொண்டிருக்கும் கல்யாணங்களும் போட்டோஷாப் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்க்ராட்ச் இடமும். முடிந்தவை எல்லாம் 8 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டியில் டிஎல்சி வகையாகக் கேட்டு வாங்குங்கள். கியூஎல்சி வகை முதலில் பறக்கும், 180 ஜிபியை ஒரே மூச்சில் கொட்டும்போது இடையில் கேஷ் நிரம்பி ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு விழும். எந்த எஸ்எஸ்டியையும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கார்டு ரீடரைச் செருகும் இடத்தையும் பாருங்கள். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் விநாடிக்கு 40 எம்பிக்கும் குறைவாகத்தான் வரும், 90 ஜிபி இறங்க 40 நிமிடம். அதே கார்டு வேகமானதாக இருந்து விநாடிக்கு 250 எம்பி வந்தால் 6 நிமிடம்.

பேக்கப்பில் சமரசமே கூடாது. கல்யாணத்தை மறுபடி எடுக்க முடியாது. மூன்று பிரதிகள், இரண்டு வேறு டிஸ்க்குகளில், ஒன்று வேறு கட்டடத்தில். ரெய்டு (ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாக எழுதும் முறை) பேக்கப் ஆகாது: தவறுதலாக அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இரண்டு பிரதி ஆகி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கேமரா கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.

கரண்ட்

கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியை) நம்பாதீர்கள். 650 வாட், 80 பிளஸ் கோல்டு தரத்தில் தனியாக வாங்குங்கள். யுபிஎஸ்ஸுக்கு ஒரு கூட்டல் போடுங்கள்: பிராசஸர் சுமார் 90 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115, போர்டும் டிஸ்க்கும் ஃபேனும் 70, மானிட்டர் 40. உச்சத்தில் 315 வாட். 600 விஏ யுபிஎஸ் என்பது சுமார் 360 வாட்தான். பேட்டரி ஒரு வருடம் ஓடியதும் அந்தச் சுமையில் சில விநாடிகளிலேயே விழுந்துவிடலாம். 1000 விஏ வாங்குங்கள். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஆக்டிவ் பிஎஃப்சி வகை. மலிவான யுபிஎஸ் கொடுக்கும் சதுர அலையோடு சிலவற்றுக்கு ஒத்துப்போகாமல், கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். முடிந்தால் சைன் வேவ் யுபிஎஸ் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுவதாக இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் மோடுக்கான சுவிட்ச் இருக்கும், அதை மாற்றிவைக்காவிட்டால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்த பிறகே புது செட்டை மாட்டுங்கள்.

கேபினெட் முன்பக்கம் வலையாகவும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியோடும் இருக்கட்டும். தரையில் வைத்தால் தூசியும் முடியும் இழுக்கும், ஓரடி உயரத்தில் வையுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் ஏற வேண்டும், காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறுபடும்.

இணைப்பில் நடக்கும் தவறுகள்

மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு கிராபிக்ஸ் கார்டு சும்மா கிடப்பது அடிக்கடி நடக்கிறது. கேபிள் கார்டின் போர்ட்டில்தான் போக வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்தால் கம்ப்யூட்டர் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையிலான குறுகிய வீச்சை அனுப்பலாம். கறுப்பு சாம்பலாகி எல்லாம் வெளுத்துத் தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் டைனமிக் ரேஞ்சை ஃபுல் என்று மாற்றினால் தீரும். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே 30 ஹெர்ட்ஸில் மட்டுமே ஓடும், மவுஸ் இழுபடுவதிலேயே தெரிந்துவிடும்.

அறை

சுவர் ரோஜா நிறத்திலோ இளம்பச்சையிலோ இருந்தால் திரைக்குப் பின்னால் தெரியும் பகுதிக்காவது வெளிர் சாம்பல் அடியுங்கள். கண் தன்னைச் சுற்றியுள்ள நிறத்துக்குப் பழகிக்கொண்டு எதிர் நிறத்தைத் திரையில் கூட்டிவிடும். ஜன்னல் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும், திரைச்சீலையும் வேண்டும். வீடுகளில் எரியும் எல்இடி டியூப் பெரும்பாலும் 6500 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 80. அதற்குப் பதில் 5000 கெல்வின், சிஆர்ஐ 90க்கு மேல் உள்ள ஒரு பல்பை மேசைக்கு வாங்குங்கள். அச்சுப் பிரதியைத் திரையோடு ஒப்பிட இதுதான் உங்கள் அளவுகோல்.

கேலிபரேஷன், வரிசையாக

கண்ணால் பார்த்துச் சரிசெய்வது எவ்வளவு அனுபவம் இருந்தாலும் நிற்காது. காலிப்ரைட் அல்லது டேட்டாகலர் ஸ்பைடர் கருவி ஒன்று வேண்டும். செலவு அதிகம் என்றால் உரிம நிபந்தனையைப் பார்த்துவிட்டு, ஒரே ஊரில் நான்கு பேர் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளும் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றோடு இயங்கும்.

1. மானிட்டரை 30 நிமிடம் ஓடவிடுங்கள். ஸ்க்ரீன் சேவர் வேண்டாம்.

2. மானிட்டர் மெனுவில் எல்லாவற்றையும் ரீசெட் செய்து யூசர் அல்லது கஸ்டம் மோடுக்குப் போங்கள். ஈகோ மோட், ஆட்டோ பிரைட்னஸ், டைனமிக் காண்ட்ராஸ்ட், நீல ஒளி வடிகட்டி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். விண்டோஸில் நைட் லைட்டையும் எச்டிஆரையும் அணையுங்கள். நைட் லைட் ஒன்றே போதும், சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் வேலை முழுவதையும் மஞ்சளாக்க.

3. மென்பொருளில் பின்விளக்கின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் திரைக்கு ஒயிட் எல்இடி, அகன்ற எல்லைத் திரைக்கு அதற்கான வகை. இது தப்பினால் கருவி சரியாக அளந்தும் வெள்ளை ரோஜா நிறமாகவோ பச்சையாகவோ முடியும்.

4. இலக்குகள்: வெள்ளைப்புள்ளி டி65 (சுமார் 6500 கெல்வின் பகல் வெளிச்ச வெள்ளை), காமா (நடுத்தர வெளிச்சங்களின் வளைவு) 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ். அறை மிக இருட்டு என்றால் 80, நல்ல வெளிச்சம் என்றால் 120.

5. திரையைப் பின்னுக்குச் சற்றுச் சாய்த்து, கருவி நடுவில் இடைவெளியின்றி ஒட்டி நிற்குமாறு தொங்கவிடுங்கள். அறை விளக்கை அணையுங்கள்.

6. முதலில் மானிட்டரின் பிரைட்னஸ் பொத்தானால் 100 நிட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். முதல் முறை பார்க்கும்போது திரை செத்துப்போனது போலத் தோன்றும். கண் பழக இரண்டு மூன்று நாள் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மெனுவின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை டி65க்கு நெருங்கும் வரை திருத்துங்கள். கூட்டுவதைவிட அதிகமாக இருப்பதைக் குறைப்பதே முறை. காண்ட்ராஸ்டைத் தொடாதீர்கள்.

7. அளவீடு ஓடி முடிந்ததும் புரொஃபைலை (திரையின் நிறத்தை மென்பொருளுக்குச் சொல்லும் ஃபைலை) ஐசிசி பதிப்பு 2, மேட்ரிக்ஸ் வகையில் சேமியுங்கள். பதிப்பு 4 சில பழைய மென்பொருள்களில் நிழலைக் கெடுக்கும். போட்டோஷாப்பும் லைட்ரூமும் திறந்திருந்தால் மூடித் திறக்க வேண்டும், தொடங்கும்போதுதான் அவை புரொஃபைலைப் படிக்கின்றன.

8. இனி மானிட்டர் பொத்தான் எதையும் தொடக் கூடாது. மாதம் ஒருமுறை மறுபடி அளவெடுங்கள். விண்டோஸ் அல்லது டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு நிறம் மாறியதாகத் தோன்றினால், கலர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உங்கள் புரொஃபைல்தான் டிஃபால்ட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.

லேபோடு ஒத்துப் பார்த்தல்

வேறு வேறு தோல் நிறம் உள்ள நான்கு முகங்கள், ஒரு பட்டுப்புடவை, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரு சாம்பல் படிக்கட்டு. இவற்றை 12×8 அங்குலத்தில் ஒரே ஃபைலாக வைத்து, எஸ்ஆர்ஜிபியில் புரொஃபைல் சேர்த்து ஜேபெக்காக எடுத்து, லேபில் கலர் கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லி அச்சடித்து வாங்குங்கள். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, லேப் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் எல்லா நிறமும் செத்து வரும். நிறம் மந்தமாக வரும் பல ஆல்பங்களின் கோளாறு இதுதான்.

5000 கெல்வின் விளக்கின் கீழ் பிரிண்ட்டையும் திரையில் சாஃப்ட் ப்ரூஃபையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரிண்ட் மட்டும் கறுத்திருந்தால் கேலிபரேஷன் இலக்கை 100இலிருந்து 90க்கும், தேவையானால் 80க்கும் இறக்கி மறுபடி அளவெடுங்கள், படத்தைத் திருத்தாதீர்கள். சாம்பல் படிக்கட்டு முழுவதும் ஒரே சாயம் ஏறியிருந்தால் பிரிண்ட்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போங்கள், அவர்களது மெஷினையும் பேப்பருக்கேற்பக் கேலிபரேட் செய்ய வேண்டியிருக்கிறது. இருண்ட படிகள் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எந்தப் படியிலிருந்து கலக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மேலே மணமகளின் கூந்தலும் மணமகனின் கோட்டும் நிற்குமாறு ஷேடோ ஸ்லைடரைத் தூக்கிவைத்தால் அந்த லேபில் விவரம் அச்சாகும். இந்தச் சோதனைப் பிரிண்ட்டை வெயில் படாத உறையில் தேதி எழுதி வைத்து, லேப் பேப்பரை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே ஃபைலை மறுபடி அச்சடித்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.